பச்சைக் குழந்தைக்குக் கார் சீட்: வாங்குவதிலிருந்து வார் இறுக்குவது வரை

எங்கள் மகள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே கார் சீட் வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்து, பின்சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டி ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஏழு வாரம் ஆனபோது ஒருநாள், கீழே விழுந்த சாவியைத் தேடிக் குனிந்தேன். சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த படம் அப்போதுதான் கண்ணில் பட்டது. நீலக் குறி போட்ட வழியில் போக வேண்டிய பெல்ட், சிவப்புக் குறி போட்ட வழியில் போயிருந்தது. சிவப்பு என்பது முன்பக்கம் பார்த்து உட்காரும் பெரிய பிள்ளைகளுக்கான வழி. ஏழு வாரமும் அப்படியேதான் அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதற்குப் பிறகு நண்பர்கள், உறவினர்கள் என்று பலருக்குச் சீட் பொருத்திக் கொடுத்தாயிற்று. எல்லோரிடமும் ஒரே விஷயத்தைப் பார்க்கிறேன். எந்த மாடல் வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள், வாங்கி வந்ததை மாட்டப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. முறையாக விற்கப்படும் எந்தச் சீட்டும் சோதனையில் தேறித்தான் வருகிறது. நம் காரில், நம் கையால் மாட்டும்போதுதான் கோட்டை விடுகிறோம். அதனால் இங்கே வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமாகவும் மாட்டுவதைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன். பிறந்த குழந்தையிலிருந்து இரண்டு, இரண்டரை வயது வரைக்கும் இது பொருந்தும். பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வேறு கதை.

மடியில் வைத்துக்கொண்டால் என்ன?

வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். காரின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, உள்ளே இருப்பவர்மீது அவரவர் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை விழும். 5 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 100 கிலோ கனக்கும். எவ்வளவு பலசாலியின் பிடியும் அதில் நழுவிவிடும். பிடித்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். அவருடைய உடம்பே குழந்தையை முன்சீட்டோடு வைத்து நசுக்கும். தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வதும் அதே ஆபத்துதான்.

ஏன் பின்பக்கம் பார்த்து?

கார் சீட் விஷயத்தில் ஒரே ஒரு சங்கதிதான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. நமக்கோ எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்து இன்னும் முற்றாத கழுத்து. அதன் எலும்புகள் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாகத்தான் இருக்கும். அவை ஒன்றுகூடி இறுக ஆண்டுகள் பிடிக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார்கள் பிடித்து நிறுத்திவிடும், தலையை மட்டும் எதுவும் பிடிக்காது. முழு இழுப்பும் கழுத்தின்மேல் விழும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால், தலை, கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து சீட்டின் முதுகில் சாயும். விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும்.

இந்த யோசனை விண்வெளியிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி விசையைத் தாங்குவதைக் கவனித்தவர் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன். அதைத் திருப்பிக் குழந்தைகளுக்குப் பொருத்தினார். 1964-இல் வோல்வோ காரில் முதல் மாதிரி சீட்டைச் சோதித்தார்கள். இன்றும் ஸ்வீடனில் நான்கு வயது வரை பிள்ளைகளைப் பின்நோக்கி உட்கார வைப்பது சர்வ சாதாரணம்.

மற்ற இடங்களிலும் விதிகள் அந்தத் திசையில்தான் நகர்கின்றன. ஐ.நா.வின் ஆர் 129 விதிப்படி, 15 மாதம் ஆகும் முன் குழந்தையை முன்நோக்கி வைக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2018-இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட் அனுமதிக்கும் அதிகபட்ச எடை அல்லது உயரத்தை எட்டும் வரை பின்நோக்கியே வையுங்கள் என்று சொல்லிவிட்டது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேலும் பின்நோக்கி வைக்க முடிந்தால் வையுங்கள்.

"கால் மடங்குகிறதே, பாவம்" என்பார்கள். குழந்தைகளுக்குக் காலை மடக்கிச் சம்மணம் போட்டோ, காரின் சீட் முதுகில் தூக்கி வைத்தோ இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சீட் சிறியதாகிவிட்டதா என்பதைக் காலை வைத்துப் பார்க்கக் கூடாது, தலையை வைத்துப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும்போது

முதலில் லேபிள். ஐ.நா. விதிப்படி தேறிய சீட்டில் ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும். ஆர் 129 என்பது புதிய விதி. உயரத்தைச் சென்டிமீட்டரில் வைத்துச் சீட்டைப் பிரிக்கும், பக்கவாட்டு மோதல் சோதனையும் இதில் உண்டு. ஆர் 44 பழையது, எடையை வைத்துப் பிரிப்பது. அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 213, இந்தியாவில் ஏஐஎஸ் 072 என்று தனித்தனித் தரங்கள் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் நாட்டின் தரம் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். லேபிளே இல்லாமல், நாலு துணிப்பட்டையும் ஒரு மெத்தையும் மட்டும் வைத்து 'எந்தக் காருக்கும் பொருந்தும், மடித்துப் பையில் வைக்கலாம்' என்று இணையத்தில் விற்கிறார்கள். அது மெத்தைதான், கார் சீட் இல்லை. எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

அடுத்தது வகை. பிறந்த குழந்தைக்கு இரண்டே வழி. ஒன்று, கைப்பிடியோடு கூடை மாதிரி தூக்கிக்கொண்டு போகும் சீட். காரில் ஒரு தளம் நிலையாக இருக்கும். கூடையை அதில் வைத்தால் 'கிளிக்' என்று பூட்டும். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இறக்கலாம். ஆனால் பெரும்பாலும் 13 கிலோவுக்குள் ஆயுள் முடிந்துவிடும். எடை முடியும் முன்னால் பெரும்பாலும் உயரம் முடிந்துவிடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, காரிலேயே இருக்கும் பெரிய சீட். பின்நோக்கி ஆரம்பித்து, பிள்ளை வளர்ந்ததும் முன்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். பல ஆண்டு வரும், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

எது நல்லது? டாக்ஸியில் அடிக்கடி போகிறவர், இரண்டு கார்களுக்கு மாற்றி மாற்றி வைப்பவர் என்றால் கூடை. தளம் இல்லாமலே காரின் பெல்ட்டை வைத்துக் கட்டக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே கார், பெரிய சீட்டுக்கு இடமும் இருக்கிறது என்றால் இரண்டாவது. சுற்றிச் சுழலும் சீட்டுகள் இப்போது பரவலாகிவிட்டன. இடுப்பு வலிக்காரர்களுக்கு வரம். அதற்கு மேல் பாதுகாப்பில் அவற்றுக்குத் தனி உசத்தி எதுவும் கிடையாது என்பது என் கட்சி.

இரண்டாவது வழியைத் தேர்ந்தால் ஒன்றை மறக்காமல் சோதியுங்கள்: தோள் வாரின் மிகத் தாழ்வான துளை எங்கே இருக்கிறது? 'பிறந்ததிலிருந்து' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சில சீட்டுகளில் கடைசித் துளையே சின்னக் குழந்தையின் தோளுக்கு மேலே நிற்கும். குறைமாதக் குழந்தை என்றால் குறைந்தபட்ச எடை வரம்பையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் கார். வாங்கும் முன் காரில் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கைப்பிடி முன்சீட்டில் இடிக்கிறதா, ஓட்டுபவர் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டும் அளவுக்கு முன்னால் நகர வேண்டியிருக்கிறதா, காரின் பெல்ட் சுற்றி வர நீளம் போதுமா என்பதெல்லாம் கடை அலமாரியில் தெரியாது. நிறைய பேர் வாங்கிவிட்டு வந்து வீட்டு வாசலில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பழைய சீட்டைப் பற்றி: அக்கா, தம்பி என்று நன்றாகத் தெரிந்தவர் கொடுத்தால், விபத்தில் சிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்ப முடிந்தால், மேனுவல் இருந்தால், காலாவதி ஆகவில்லை என்றால், வாங்கிக்கொள்ளலாம். முகம் தெரியாதவரிடம் வேண்டாம். பிளாஸ்டிக் உடலில் உள்ளே விட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காலாவதி என்றதும் சிரிக்காதீர்கள். சீட்டின் அடியிலோ முதுகிலோ தயாரிப்புத் தேதி இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டு கெடு. வெயிலில் காய்ந்து குளிரில் இறுகி அந்தப் பிளாஸ்டிக் சும்மா இருப்பதில்லை.

காரில் எந்த இடம்?

பின்சீட்டின் நடு இடம்தான் எந்தப் பக்கம் இடி விழுந்தாலும் தூரமாக இருக்கும். ஆனால் பல கார்களில் நடுவில் மேடு இருக்கும், அகலம் போதாது, கொக்கி வளையமும் இருக்காது. நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் சீட்டைவிட ஓரத்தில் இறுகி நிற்கும் சீட்டே மேல். ஓரம் என்றால், நடைபாதை ஓரமாக வரும் பக்கத்தைத் தேர்ந்தால் வண்டிகளுக்கு நடுவில் நின்று குழந்தையை ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

முன்சீட்டில், ஏர்பேக் இயங்கும் நிலையில், பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரிகிறது; அது மோதுவது சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்கு நேர் பின்னால். சின்ன மோதலில்கூட உயிர் போயிருக்கிறது. பின்சீட்டே இல்லாத வண்டி என்றால், ஏர்பேக்கைச் சாவியால் அணைக்கும் வசதி இருந்து, அணைந்ததற்கான விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.

பொருத்துவது

குழந்தை பிறக்கும் முன்பே ஒரு பகல் வேளையில், அவசரம் இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள். இரண்டு மேனுவல் வேண்டும்: சீட்டுடையது, காருடையது. இரண்டும் முரண்பட்டால் எதையும் ஊகிக்காமல் சீட் கம்பெனியையே கேட்டுவிடுங்கள்.

பொருத்த இரண்டு வழி. ஐசோஃபிக்ஸ் என்பது பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு இரும்பு வளையங்கள். விரலை விட்டுத் துழாவினால் தட்டுப்படும். சீட்டின் இரண்டு கரங்களையும் அதில் தள்ளினால் 'கிளிக்', 'கிளிக்' என்று இரண்டு சத்தம் வர வேண்டும். குறியும் பச்சையாக மாற வேண்டும். ஒரு சத்தம்தான் வந்தது என்றால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. சில சீட்டுகளுக்குத் தரையில் ஊன்றும் கால் உண்டு. அந்தக் கால் நிற்கும் இடத்தில் தரைக்கடியில் சாமான் வைக்கும் பெட்டி இருந்தால் அங்கே ஊன்றக் கூடாது, அழுத்தத்தில் மூடி உடைந்து இறங்கிவிடும். அமெரிக்கக் கார்களில் இதே ஏற்பாட்டுக்கு லாட்ச் என்று பெயர். 2002 முதல் புதிய கார்களில் கட்டாயம்.

இன்னொரு வழி காரின் சொந்தப் பெல்ட். சரியாகக் கட்டினால் இதுவும் ஐசோஃபிக்ஸுக்குக் குறைந்ததில்லை; தவறு செய்ய வாய்ப்பு மட்டும் அதிகம், என்னைப் போல. நீலம் பின்நோக்கி, சிவப்பு முன்நோக்கி என்பதை முதலில் பாருங்கள். பெல்ட் எங்கேயும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பக்கிளைப் பூட்டிய பின் ஒரு முழங்காலையோ முழங்கையையோ சீட்டுக்குள் ஊன்றி உங்கள் எடையைக் கொடுத்துக்கொண்டே பெல்ட்டின் தொங்கலை இழுங்கள். மெத்தை அமுங்கும்போதுதான் உண்மையான தளர்வு வெளியே வரும். பிறகு அது திரும்பத் தளராமல் பூட்ட வேண்டும்: சில கார்களில் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துவிட்டால், திரும்பும்போது கடகடவென்று சத்தம் போட்டுப் பூட்டிக்கொள்ளும்; வேறு சிலவற்றில் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருக்கும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து ஐசோஃபிக்ஸையும் பெல்ட்டையும் ஒருசேரப் போடாதீர்கள், மேனுவல் சொன்னாலொழிய.

இறுக்கம் போதுமா என்று பார்க்க: பெல்ட் அல்லது கொக்கி சீட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் கையை வைத்து, பழக்கமில்லாத கையால் இடவலமாகவும் முன்பின்னாகவும் அசையுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டாதீர்கள். பின்நோக்கிய சீட்டின் உச்சி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் நான் ஆட்டிப் பார்த்ததும் உச்சியைப் பிடித்துத்தான்.

கடைசியாகச் சாய்வு. பச்சைக் குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக் குழாய் மடங்கிவிடும். அது சத்தம் போடாமல் நடக்கும், அழுகைகூட வராது. அதனால் சீட் ரொம்ப நிமிர்ந்து நிற்கக் கூடாது. அதிகம் படுத்தும் இருக்கக் கூடாது, மோதலில் உடம்பு வாரை விட்டு மேலே வழுக்கும். சீட்டின் பக்கத்தில் ஒரு கோடோ, குமிழி மட்டமோ இருக்கும். வண்டி சமதரையில் நிற்கும்போது அது சரியாக இருக்க வேண்டும். சரிவான வாசலில் நிறுத்திப் பார்த்துக் குழம்பியவர்களை எனக்குத் தெரியும். மட்டம் வரவில்லை என்றால், உருட்டிய துண்டைச் சீட்டுக்கடியில் வைக்கலாமா என்று மேனுவலில் பாருங்கள், பலர் அனுமதிக்கிறார்கள்.

குழந்தையைக் கட்டுவது

இதுதான் தினம் தினம் செய்வது, அதனால் இதில்தான் அசட்டை வரும். முதலில் ஒரு பொம்மையை வைத்துப் பழகுங்கள். அழும் குழந்தை, பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டி, முதல் தடவை பக்கிள் என்று மூன்றும் ஒன்றாக வேண்டாம்.

குழந்தையின் பிட்டமும் முதுகும் சீட்டின் ஆழம் வரை போய் ஒட்ட வேண்டும். குழந்தைகள் உட்கார்ந்ததும் கொஞ்சம் சறுக்கி இறங்குவார்கள், மறுபடி மேலே தூக்கி வையுங்கள். தோள் வார்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். பின்நோக்கிய சீட்டில் அவை தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ புறப்பட வேண்டும். மேலிருந்து வந்தால் மோதலில் குழந்தை அந்த இடைவெளி அளவுக்கு மேலே ஏறும். முன்நோக்கித் திருப்பும் காலத்தில் இது தலைகீழாகும்: தோள் மட்டத்தில் அல்லது அதற்கு மேலிருந்து.

கைகளை வாருக்குள் விட்டு, பக்கிளைப் பூட்டுங்கள். இப்போதே முன்னால் தொங்கும் வாரை இழுக்காதீர்கள். முதலில் இடுப்புப் பக்கத்துத் தளர்வை விரலால் மேல்நோக்கி இழுத்துத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பாதங்களுக்கு நடுவில் தொங்கும் இறுக்கும் வாரை மெதுவாக இழுங்கள். எவ்வளவு? தோள் எலும்புக்கு மேலே வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள், கன்னத்தைக் கிள்ளுவது போல. மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இழுக்க வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் போதும்.

நான் முதலில் இப்படி இறுக்கியபோது என் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். "இவ்வளவு இறுக்காதீங்க மாப்பிள்ளை, பிள்ளைக்கு மூச்சு முட்டும்." நான் அவர் விரலைப் பிடித்து வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விடச் சொன்னேன். தட்டையாக விரல் போனது. "மூச்சு விட இடம் இருக்கு அத்தை, பறக்கத்தான் இடம் இல்லை." அவர் திருப்தியாகவில்லை. ஆனால் மறுநாள் அவரே குழந்தையைக் கட்டும்போது கிள்ளிப் பார்ப்பதைக் கண்டேன்.

சில சீட்டுகளில், குறிப்பாக அமெரிக்க மாடல்களில், இரண்டு தோள் வார்களையும் நெஞ்சில் சேர்க்கும் கிளிப் உண்டு. அது அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும். வயிற்றில் கிடந்தால் வார் தோளை விட்டு நழுவும், மிருதுவான வயிற்றிலும் இடிக்கும். உங்கள் சீட்டில் அது இல்லை என்றால் தனியாக வாங்கி மாட்டாதீர்கள்.

தனியாக வாங்கி மாட்டுவது என்று வந்துவிட்டதால் சொல்கிறேன்: சீட்டோடு வந்த மெத்தை தவிர வேறெதுவும் வாருக்கும் குழந்தைக்கும் இடையிலோ குழந்தைக்கும் சீட்டுக்கும் இடையிலோ வரக் கூடாது. அழகழகான தலையணை, வார் உறை, நடு முதுகு மெத்தை எதுவும் அந்தச் சீட்டோடு சோதிக்கப்பட்டதில்லை. தலை இடவலமாகச் சாய்கிறது என்றால், மெல்லிய துணியை உருட்டித் தலைக்கும் தோளுக்கும் இரு பக்கமும் வைக்கலாம், மேனுவல் அனுமதித்தால். தலைக்குப் பின்னால் மட்டும் எதையும் வைக்காதீர்கள், அதுதான் தாடையை நெஞ்சில் அழுத்துவது.

தடித்த கோட்டு போட்ட குழந்தையைக் கட்டுவதும் இதே தவறுதான். கோட்டுக்குள் இருப்பது காற்று. மோதலில் அது ஒரு நொடியில் அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த வார் தொளதொளவென்று ஆகிவிடும். வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்: கோட்டோடு கட்டி இறுக்குங்கள், வாரைத் தொடாமல் பக்கிளை மட்டும் கழற்றிக் கோட்டை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். இப்போது கிள்ளிப் பாருங்கள், ஒரு கைப்பிடி வார் அகப்படும். மெல்லிய உடையில் கட்டிவிட்டு, அதன்மேல் போர்வையைப் போர்த்துவதுதான் வழி. துணியில் பொதிந்து சுற்றிய குழந்தையையும் அப்படியே வைக்க முடியாது, கால் நடுவில் பக்கிள் வர வேண்டும்.

ஓட்டம் தொடங்கிய பின்

கார் சீட் காருக்கானது. குழந்தை அதில் தூங்கிவிட்டால் ஊர் போய்ச் சேரும் வரை தூங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். கூடையைத் தரையில் வைத்து வாரைத் தளர்த்திவிட்டு அப்படியே தூங்க விடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது; சாய்வு மாறித் தலை கவிழும், தளர்ந்த வார் கழுத்தில் சிக்கும். மேசைமேலோ மெத்தைமேலோ கூடையை வைத்தால் கவிழவும் செய்யும்.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெளியே எடுத்து, நீட்டிப் படுக்க வைத்துக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்துங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தையை ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் வைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. முடிந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வரட்டும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சில மருத்துவமனைகளில், வீட்டுக்கு அனுப்பும் முன் கார் சீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து மூச்சு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் மூன்றையும் கண்காணிப்பார்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வழியில் அழுதால்? நிறுத்துங்கள். ஓடும் காரில் "ஒரு நிமிஷம்தானே" என்று வாரை அவிழ்க்கக் கூடாது. பால் கொடுப்பதும் வண்டி நின்ற பிறகுதான்.

வெயிலில் நின்ற காரில் ஏற்றும் முன் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள், உலோகம் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். நிறுத்தும்போது சீட்டின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டுப் போனால் இந்தத் தொல்லை இல்லை. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட இறங்க வேண்டாம். மூடிய காரில் பத்தே நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறும். பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகக் குழந்தையின் உடம்பு சூடேறும். மறந்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. தூக்கமில்லாத பெற்றோர், வழக்கம் மாறிய ஒரு நாள், பின்னால் சத்தமில்லாமல் தூங்கும் குழந்தை, அவ்வளவே போதும். நான் இடது காலணியைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஓட்டுவேன். கியர் தானே மாறும் கார் என்பதால் அந்தக் கால் சும்மா கிடக்கும். ஒற்றைக் காலணியோடு யாரும் அலுவலகத்துக்குள் போய்விட மாட்டார்கள். உங்களுக்குக் கைப்பையோ அடையாள அட்டையோ வசதியாக இருக்கலாம்.

எப்போது அடுத்த சீட்?

எடை வரம்பு, உயர வரம்பு, தலை உச்சி: மூன்றில் எது முதலில் எட்டுகிறதோ அப்போது. பல சீட்டுகளில் தலையின் உச்சிக்கும் சீட் உடலின் மேல் விளிம்புக்கும் இடையில் இரண்டரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கு. கூடைச் சீட்டை முடித்த குழந்தை நேராக முன்நோக்கிப் போய்விடாது. பின்நோக்கி வைக்கக்கூடிய பெரிய சீட்டுக்குத்தான் போக வேண்டும். முன்நோக்கித் திருப்பும் நாள் வரும்போது, சீட்டின் உச்சியிலிருந்து வரும் மேல் வாரைக் காரில் அதற்கென இருக்கும் வளையத்தில் மாட்ட மறக்காதீர்கள். டிக்கியில் சாமான் கட்டும் கொக்கியும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் தாங்காது. எது எது என்று கார் மேனுவலில் படம் போட்டிருப்பார்கள்.

இடையில் விபத்து நடந்தால் சீட்டை மாற்ற வேண்டும். லேசான இடிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லும் நிபந்தனைகள் ஐந்து: கார் தானே ஓடி வந்திருக்க வேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு அடிபட்டிருக்கக் கூடாது, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் அது லேசான இடி. சில சீட் கம்பெனிகள் எந்த இடியாக இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. அப்போது அவர்கள் சொல்வதே செல்லும். குழந்தை காரில் இல்லை என்பது கணக்கில் வராது.

சுத்தம் பற்றி ஒரு வரி. துணி உறையைக் கழற்றி, அதன் லேபிளில் சொன்னபடி துவைக்கலாம். வார்களை மட்டும் இயந்திரத்தில் போடவோ சோப்புத் தூளில் ஊற வைக்கவோ கூடாது, நூலின் பலம் போகும். ஈரத் துணியும் மிதமான சோப்பும் போதும். பால் கக்கிக் காய்ந்த வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சகித்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்த சீட்டை அப்படியே தெருவில் வைக்காதீர்கள், யாராவது ஆசையாக எடுத்துப் போவார்கள். உறையை உரித்து, வார்களை வெட்டி, பிளாஸ்டிக்கின் மேல் பெரிய எழுத்தில் 'பயன்படுத்தாதீர்' என்று எழுதிவிடுங்கள். எங்கள் சீட்டைப் போன மாதம்தான் அப்படி அனுப்பினேன். சமையலறைக் கத்தரிக்கோல் அந்த வாரில் பாதிகூட ஏறவில்லை. தகரம் வெட்டும் கத்தரியை இரவல் வாங்க வேண்டியிருந்தது.